இல்லாத பாருக்குச் சொன்ன கணியம்

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. பால் டெப்போவில் பாட்டில் மூடி கொஞ்சம் நெகிழ்ந்திருந்தாலே தண்ணீர் கலந்துவிட்டான் என்று சண்டைக்குப் போவேன். ஆபீஸில் செக்‌ஷன் ஆபீஸர் காரணமில்லாமல் சிரித்தால், எந்தப் பாழாய்ப்போன ஃபைலை என் தலையில் கட்டப்போகிறாரோ என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பேன். "வானத்துலேருந்து சம்மனசு எறங்கி வந்து மங்கள வார்த்தை சொன்னாலும், மொதல்ல ஐடி கார்ட எடுன்னுதான் கேப்பிய" என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்ட என் வீட்டுக்கு, எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாடி வைத்த ஒருவன் வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். தோளில் ஜோல்னாப் பை, கையில் ஒரு தமிழ் நாவல். கடலையும் மீன்பிடிக்கிறவர்களையும் பற்றிய நாவல் அது. அந்தக் காலத்தில் தமிழ் படிக்கிறவர்கள் எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள். அதைச் சினிமாவாக எடுக்கப்போகிறேன், உங்கள் உதவி வேண்டும் என்றான்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் எத்தனையோ தமிழர்கள் இருக்க, மாடியில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு கிளார்க்கைத் தேடி எதற்கு வருகிறான்?

"என் அட்ரஸ் யாரு குடுத்தா?" என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"லைப்ரரி ரெஜிஸ்டர்ல பார்த்தேன் சார். இந்த புக்கை ஏழு தடவை எடுத்திருக்கேள். வேற யாரும் ரெண்டு தடவைக்கு மேல எடுக்கல. அச்சா, இவர்தான் நம்ம ஆளுன்னு வந்துட்டேன்."

ஒரு மனிதன் என்ன புத்தகம் எடுக்கிறான் என்று ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்கிறவனை நம்பலாமா? எனக்கு அப்போதே உள்ளே ஒரு மணி அடித்தது. ஆபீஸில் நான் 'திருநெல்வேலிப் பக்கம்' என்று மட்டும்தான் சொல்லிவைத்திருந்தேன். கடற்கரையா, வயற்காடா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கதை பிடித்திருந்தது, அதனால் எடுத்தேன் என்று சொல்லி முடிக்கப் பார்த்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்துவிட்டாள்.

"எங்க ரெண்டு பேருக்குமே கடக்கர ஊருதான் தம்பி. இவுக ஊருக்குத் தெற்க ரெண்டாவது ஊரு எனக்கு."

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னான் பாருங்கள், அதுதான் உச்சம். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதாம்! பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் டெல்லி. தஞ்சாவூர்க்கார அம்மா முதல் ஐம்பது பக்கம் வாசித்துக் காட்டினாராம். பிறகு, "பக்கத்துக்குப் பக்கம் மீன் நாத்தம், பாதி வார்த்தையும் புரியல" என்று புத்தகத்தை மூடிவிட்டாராம். மிச்சத்தை நான் வாசித்து, புரியாததைச் சொல்லித் தரவேண்டும்.

முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் அவ்வளவு ஆசை. லூ என்கிற அனல்காற்று அடிக்கும் மாதங்களில், கூலருக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் படித்தால் நாக்கில் உப்புக் கரிக்கும். அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட ஒரு காது கிடைத்தது. அந்த ஆசையில்தான் விழுந்தேன்.

ஞாயிறு தோறும் நாங்கள் பூசைக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு அவன் வருவான். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை வாசிப்பு. முதல் வாரமே பையிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்து வைத்தான்.

"இது எதுக்கு?"

"நீங்க பேசறது அப்படியே வேணும் சார். ஆக்டர்ஸ் கேட்டுக் கத்துக்கணும்."

"நான் பேசுறதுல என்ன கத்துக்கணும்? நான் என்ன கோமாளியா?"

"ஐயோ, இல்ல சார்!" என்று காதைப் பிடித்துக்கொண்டான். டேப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். மீனே சமைக்காத வீட்டுப் பிள்ளை. ஆனால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் வாங்கிவந்த மீனை என் மனைவி பொரித்து வைத்தால், முள் ஒன்றுகூடப் படாமல் சுத்தமாகத் தின்றான். எங்கே பழகினான் இதை? அப்புறம் கேள்விகள். கரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பாகம் ஆழம், எந்த மாதத்தில் எந்த மீன். கேட்கிற எல்லாவற்றையும் நோட்டில் படமாக வரைந்துகொண்டான். "பாபிஜி, ஒரு சாய்" என்று அவன் உரிமையோடு கேட்பதும், இவள் ஓடுவதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. "கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கு அந்தத் தம்பி" என்று இவள் வேறு.

ஒருநாள் அவன் பையிலிருந்து ஒரு பழுப்புக் கவர் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கும் சாக்கில் பார்த்தேன். மூலையில் இறால் படம் அச்சடித்திருந்தது. எங்கள் பக்கத்துத் துறைமுகத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. லாஞ்சு என்கிற விசைப்படகுகள் வைத்திருக்கிறவர்கள்.

"இவுக யாரு?"

"ப்ரொட்யூசர் சார். ஆர்ட் ஃபிலிமுக்கு வேற யார் தரா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கடலுக்கடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. நாங்கள் பார் என்போம். நல்ல மீன் அங்கேதான் ஒண்டியிருக்கும். மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர். பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கரையைத் திரும்பிப் பார்ப்பது. கோவில் கோபுரமும் தூரத்து மலையும் ஒரு நேர்கோட்டில் வரவேண்டும், இன்னொரு பக்கம் ஒரு பனையோ விளக்குத் தூணோ சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். இரண்டும் கூடுகிற இடத்தில் கல்லைப் போட்டால் அடியில் பார். இதற்குப் பெயர் கணியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணியம் உண்டு, அதை வெளியே விடமாட்டார்கள். மீனோடு கரையேறுகிறவனிடம் எங்கே பட்டது என்று கேட்டால், கூசாமல் வேறு திசையைக் காட்டுவான். கேட்டவனுக்கும் அது பொய் என்று தெரியும். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட யாரும் அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. அது பாவக் கணக்கிலேயே வராது.

என் அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே ஒரு பார். எட்டுப் பேர் சாப்பிடுகிறார்கள் அதில். அந்த வருஷம் லாஞ்சுகள் எங்கள் கடலுக்கு வந்து, கட்டுமரங்கள் எங்கே நிற்கின்றன என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. பாரின் ஓரத்தில் மடி வலையை இழுத்து ஒரே மாதத்தில் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "அப்பா இப்பல்லாம் சும்மா வெறுங்கடல்ல ரெண்டு எடத்துல நிப்பாட்டி, அவன்களை ஏமாத்திட்டுத்தான் நம்ம பாருக்குப் போறாரு" என்று தம்பி எழுதியிருந்தான். அந்தக் கடிதம் வந்த வாரம்தான் நான் அந்தக் கவரைப் பார்த்தது.

நாவலில் ஓர் இடம் வரும். கதாநாயகன் கணியம் பார்த்து வள்ளத்தை நிறுத்துவான். எழுத்தாளர் அதை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். என்னத்தைப் பார்த்தான் என்று எழுதவில்லை. எந்தக் கடற்கரையிலும் அவருக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் இவன் டேப்பை நிறுத்தினான்.

"என்னத்தைப் பார்த்தான் சார்?"

விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"இதுதான் சார் என் படம்! கோபுரமும் மலையும் மெல்ல மெல்ல ஒண்ணா சேர்றது. அதை கேமரா பார்க்கணும். நெஜமான எடம் வேணும் சார், டூப்ளிகேட் வேண்டாம். உங்க ஊர்ல ஒண்ணு சொல்லுங்கோ."

அடுத்த மூன்று ஞாயிறும் இதே பாட்டு. நான் பேச்சை மாற்றுவேன், அவன் திரும்ப அங்கேயே வந்து நிற்பான். சினிமாவுக்கு ஏதோ ஒரு கோபுரமும் ஏதோ ஒரு மலையும் போதாதா? நிஜமான இடம் எதற்கு? இறால் படம் போட்ட கவர் என் கண்ணிலேயே நின்றது. இவனை விரட்டிவிட்டால் நேரே என் ஊருக்குப் போய் விசாரிப்பான் என்று பயமாகவும் இருந்தது.

நாலாவது ஞாயிறு, என் மனைவி பால் டெப்போ க்யூவுக்குப் போயிருந்த நேரத்தில் சொன்னேன்.

"எங்க ஊருல இப்ப கரை சரியில்ல. தெற்க ஒரு ஊரு, எம் பொஞ்சாதி ஊரு. ரெட்டைக் கோபுரக் கோவிலு. வலது கோபுரத்துச் சிலுவைக்கு நேர் பின்னால மேற்கு மலையில ஒரு பள்ளம் வரும். ரெண்டும் ஒண்ணாச் சேரணும். வடக்க பாத்தா, செம்மண் மேட்டுல ஒத்தப் பனை. அது விளக்குத் தூணுக்கு எடது பக்கம் நாலு வெரக்கடை தள்ளி நிக்கணும்."

கையை முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி, நாலு விரற்கடையை அளந்துகூடக் காட்டினேன். அப்படி ஒரு நடிப்பு! அந்த ஊர்க்காரர்கள் மேல்தண்ணீரில் வலை போடுகிறவர்கள். என் மாமனாரும் ஆயுசு முழுக்கச் சாளை மீன் பிடித்தவர் என்றுதான் எனக்குத் தெரியும். அங்கே அடியில் வெறும் மணல். லாஞ்சுக்காரன் போய் மணலை அள்ளட்டும். கோபுரமும் மலையும் இவன் கேமராவுக்குக் கிடைக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வாரம் முழுக்க, அப்பாவின் பாரைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஆபீஸில் விசில் அடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. என் மனைவிக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி வாங்கிவந்திருந்தான். இவள் டீயோடு வந்தபோது அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

"சார், நீங்க சொன்னது அப்படியே இருந்தது! வலது கோபுரத்துச் சிலுவை, மலைப் பள்ளம், ஒத்தப் பனை, நாலு விரற்கடை. கல்லைப் போட்டா டொக்குன்னு பாறை! டிரைவர் சும்மா ஒரு தூண்டில் போட்டான். இத்தனாம் பெரிய கலவா மீன்!"

புளுகுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் இட்டுக்கட்டிய இடத்தில் பார் எப்படி வரும்? சிரிக்கப்போனேன். அப்போது என் மனைவியைப் பார்த்தேன். டீத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, திறந்திருந்த நோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"டிரைவரா? எந்த ஊரு லாஞ்சு தம்பி?" என்றாள்.

"ஹார்பர் லாஞ்சு பாபிஜி. ப்ரொட்யூசர் கொடுத்தது. மறுநாள் பார்க்கணுமே, இன்னும் அஞ்சு லாஞ்சு வந்துடுத்து ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்க!" அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். "ஒரு பெரியவர் வேற, தனியா கட்டுமரத்துல வந்து எங்களைச் சுத்திச் சுத்தி வந்தார். கையை ஆட்டி என்னமோ கத்தினார். ஒண்ணும் புரியல. டிரைவர்தான் அவரைத் துரத்தி விட்டான். ஆனா நல்ல ஷாட் சார், அவர் முகம்."

அவன் முகத்தில் எங்கேயாவது கள்ளம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! ஒன்றும் இல்லை. அவன் நிஜமாகவே சினிமா எடுக்க வந்தவன். லாஞ்சுகள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தன என்று நம்பும் பைத்தியக்காரன்.

அவன் போனதும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

"அது எங்கப்பா பாரு" என்றாள்.

"சாளை வலை போடுறவருக்கு ஏது பாரு?"

"ஊருக்கெல்லாம் சாளைக்காரரு. வாரத்துல ரெண்டு நாளு தூண்டிலோட அங்க போவாரு. எங்களுக்குச் சோறு போட்டதே அந்தப் பாருதான். ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு, அதனால எங்கிட்ட மட்டும் சொன்னாரு. நான் ஒங்ககிட்ட மட்டும் சொன்னேன்."

எப்போது சொன்னாள்? எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது. கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலம். குவார்ட்டர்ஸுக்கு முன்னால் புல்தரையில் பாய் போட்டு, வெயில் காய்ந்துகொண்டு இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோமாம். வீட்டு நினைப்பில் அவள் அழுதாளாம். நான் அவள் ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அப்போது சொன்னாளாம், கையை நீட்டி, நாலு விரலைக் காட்டி.

"சத்தியமா நானா இட்டுக்கட்டுனதுன்னுதான் நெனச்சேன்."

"நாலு வெரக்கடையுமா இட்டுக்கட்டுவிய?" என்று கேட்டாள். "ஒங்க அப்பா கணியம் மட்டும் வாயில வரல. எங்கப்பாவுது வந்துருச்சு என்ன?"

எத்தனை வருஷமாகிறது! இன்றைக்கும் என்னை நானே நிறுத்தி வைத்து விசாரிக்கிறேன். மறந்துதான் போனேனா? மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்திருந்ததா? என் அப்பாவைக் காப்பாற்ற அவள் அப்பாவை எடுத்துக் கொடுத்தேனா? மற்றவர்கள் முகத்தில் கள்ளத்தைத் தேடியே பழகியவனுக்குத் தன்னுடையதைப் படிக்கத் தெரியவில்லை. எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒரு மாதத்தில் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. மாமா சொல்லச் சொல்ல ஊர்க் கோவில் உபதேசியார் எழுதியது. லாஞ்சுகள் இரவும் பகலும் மடி இழுத்து, பாரில் ஒன்றும் மிச்சமில்லை. எழுபது வயதில் அவர் இப்போது அடுத்தவன் கரைவலைக்குக் கயிறு இழுக்கப் போகிறார். கடைசியில் ஒரு கேள்வி. 'உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ யாரிடம் சொன்னாய்?'

இரண்டு நாள் அவள் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு இன்லண்டு கவரை என்னிடம் கொடுத்தாள். "கோந்து ஒட்ட மாட்டேங்கு. ஆபீஸ்ல நல்லா ஒட்டிப் பெட்டியில சேத்துருங்க" என்றாள். ஒட்டாத கடிதத்தை நான் படிக்காமல் விடுவேனா? அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தாளா? பஸ் ஸ்டாப்பிலேயே பிரித்துவிட்டேன்.

'அப்பா, நான்தான் சொல்லிவிட்டேன். சினிமாக்காரர் கேட்டபோது ஊர்ப் பெருமையில் வாய் தவறிவிட்டது. உங்கள் மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.'

கிழித்துப் போட்டுவிட்டு, நானே வேறொன்று எழுதியிருக்க வேண்டும். ஒரு இன்லண்டு வாங்க எத்தனை நேரம் ஆகும்? தபால் ஆபீஸ் எதிரில்தான் இருந்தது. மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த ஊர்த் தெருவில் அதற்குப் பிறகு எப்படி நடப்பேன் என்று நினைத்தேன். ஆபீஸில் கோந்து பாட்டிலை எடுத்து, மூன்று ஓரமும் அழுத்தி ஒட்டி, மத்தியான இடைவேளையில் பெட்டியில் போட்டேன். எனக்கு இதைவிட வெட்கமான காரியம் வாழ்க்கையில் இல்லை.

படம் முடிந்து ஒரு சின்ன ஹாலில் திரையிட்டார்கள். அவன் வந்து கெஞ்சிக் கூப்பிட்டான், போனோம். கோபுரமும் மலையும் சேரும் அந்தக் காட்சி படத்தில் இல்லவே இல்லை. நீளம் அதிகமாகிவிட்டதாம், எடுத்துவிட்டானாம். ஆனால் மாமா இருந்தார். கட்டுமரத்தில் நின்று, வாயைத் திறந்து, கையை ஆட்டியபடி. குரலை எடுத்துவிட்டு மேலே வயலின் போட்டிருந்தான். ஹாலில் யாரோ "வாஹ்" என்றார்கள். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் மாமாவிடமிருந்து பதில் வந்தது. மேலே அவள் பெயர் இல்லை, என் பெயர் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். உபதேசியார் அவர் பேச்சை அப்படியே எழுதியிருந்தார்.

'மாப்பிள்ளைக்கு, பொட்டப் பிள்ளைட்டச் சொன்னது என் புத்தி கெட்ட வேலை. இனி அவளுக்கு நான் எழுத மாட்டேன். நீங்க விவரமான ஆளு. உங்க அப்பா பாரு கணியத்தை மட்டும் அவகிட்ட ஒருநாளும் சொல்லிராதிய.'

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்பாவா? எனக்கு என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டுக்கொண்டு ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஒன்ன ரொம்பக் கேட்டதாச் சொல்லச் சொல்லியிருக்காரு" என்றேன்.